பெட்டியை விட்டுவிட்டுப் போன திருடன்

காணாமல் போனது உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டி இஞ்சின். அதற்குக் கடைக்காரர் அழுத அழுகையைப் பார்த்தால், நிஜ ரயிலே ஸ்டேஷனோடும் ஸ்டேஷன் மாஸ்டரோடும் சேர்ந்து களவு போய்விட்டதாக நினைக்கத் தோன்றும்.

"ஒரு பொம்மைக்கா சார் இவ்வளவு அழுகை?" என்றான் சுருட்டை.

கடைக்காரர் அழுவதை நிறுத்திவிட்டு முறைத்தார். "பொம்மை இல்ல. மாடல்." சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தார்.

சுருட்டை என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பேர். இப்போது அந்தத் தலையில் சுருளுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பேர் மட்டும்தான் உதிராமல் நிற்கிறது. அவனுடைய அண்ணி ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் மற்றவர்களின் பொய்யைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். ஒருநாள் தவறிப்போய் மேலதிகாரியின் பொய்யையே கண்டுபிடித்துவிட்டதால் வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். "வீட்டுல உட்கார்ந்து ஃப்ரிட்ஜைத் துப்பறியறதுக்கு இங்க வந்து உட்காரு" என்று சொல்லிக் கொழுந்தனை உதவியாளராக வைத்துக்கொண்டார். சம்பளம் உண்டா என்று சுருட்டை ஒருமுறைதான் கேட்டான். அண்ணி பார்த்த பார்வையில் அடுத்தமுறை கேட்கவில்லை.

ரயில் மாடல்கள் மட்டுமே விற்கும் கடை அது. இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய அகலம். அரிசி அளவு பயணிகள், தீப்பெட்டி அளவு டிக்கெட் கவுன்ட்டர், விரல் உயர மரங்கள். வாசல் கதவில் மட்டும் ஒரு பெரிய நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கொட்டை எழுத்தில்: "தாமதத்துக்கும் விலை ஏற்றத்துக்கும் காரணமானவர், இன்றைய கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும்! இப்படிக்கு, செயலாளர், ரயில் மாடல் ரசிகர் சங்கம்."

"காரணமானவர்ங்கறது என்னைத்தான் மேடம்," என்றார் கடைக்காரர். "என் கடைக் கதவுலயே ஒட்டிட்டுப் போயிட்டாங்க."

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் அண்ணி, இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து.

கடைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இது பழைய காலத்து இஞ்சின். நிஜத்துல ஒண்ணுகூட இப்ப இல்ல, எல்லாத்தையும் உடைச்சு இரும்பா வித்துட்டாங்க. நம்ம ரசிகர்கள் ஆசைப்பட்டாங்களேன்னு, நானே வெளிநாட்டு ஃபேக்டரியில சொல்லி மாடலாச் செய்ய ஏற்பாடு பண்ணேன். கையில இருந்தது எல்லாத்தையும் இதுலதான் போட்டிருக்கேன். ஃபேக்டரியில ஒரு சாம்பிள் செஞ்சு அனுப்புவாங்க. நான் சங்கத்துக்காரங்களுக்குக் காட்டுவேன். அவ்வளவுதான், யாரோ ஒரு மகானுபாவர் பேர் போடாம நேரா ஃபேக்டரிக்கே எழுதிடுவார், 'விளக்கு தப்பான பக்கத்துல இருக்கு'ன்னு."

"சரி, மாத்திட வேண்டியதுதானே?" என்றான் சுருட்டை.

"மாத்தறதுக்கு முன்னாடி பார்க்கணுமே! இஞ்சினை வார்க்கற அச்சை மெஷின்லேர்ந்து கழட்டி வெச்சுட்டு, பழைய வரைபடத்தையெல்லாம் தேடிச் சரிபார்ப்பாங்க. கடைசியில 'நாங்க செஞ்சதுதான் சரி'ன்னு பதில் வரும். அதுக்குள்ள வேற கம்பெனிக்காரன் மெஷின்ல ஏறி உட்கார்ந்திருப்பான். நான் மறுபடி வரிசையில கடைசி. முறை வர்றதுக்குள்ள பிளாஸ்டிக் விலை ஏறிடும், கப்பல் கூலி ஏறிடும். அடுத்த சாம்பிள் வந்தா, ஏணி தப்பான பக்கமாம். அதுக்கடுத்தது, குழாய் தப்பான பக்கமாம். எனக்கு இதே பொழப்பாப் போச்சு."

கண்ணாடி அலமாரியில் அந்த இஞ்சினுக்கான இடத்தில் விலைச் சீட்டு இருந்தது. ஒவ்வொரு தடவை விலை ஏறும்போதும் பழைய ஸ்டிக்கர் மேலேயே புதுசை ஒட்டி ஒட்டி, அது பிஸ்கெட் கனத்துக்கு வந்திருந்தது. சுருட்டை அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அண்ணி அவன் கையில் ஒன்று போட்டார்.

"நிறம் சரியில்ல, நீளம் சரியில்லன்னு அந்த ஆள் எப்பவாவது எழுதியிருக்காரா?"

"இல்ல மேடம். எல்லாமே பக்கம்தான். இந்தப் பக்கம் இருக்கறது அந்தப் பக்கம் இருக்கணும்."

"ம்," என்றார் அண்ணி.

அண்ணியின் 'ம்' சாதாரணமான 'ம்' இல்லை என்பது சுருட்டைக்குத் தெரியும். அதற்கு அர்த்தம் கேட்டால் சொல்லமாட்டார் என்பதும் தெரியும்.

"இப்ப ஃபேக்டரியில கடைசியாச் சொல்லிட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் கூரியர்காரர் வரும்போது, 'எல்லாம் சரி'ன்னு சொல்லி அந்தச் சாம்பிளைத் திருப்பி அனுப்பணும். அதைப் பார்த்துத்தான் அங்க மத்ததுக்குப் பெயின்ட் அடிப்பாங்க. போகலைன்னா அச்சை உருக்கிடுவாங்களாம். அப்புறம் நான் கடையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட வேண்டியதுதான். நேத்துச் சாயங்காலம் நம்ம சங்கத்துல இருக்கற பல் டாக்டரும் செயலாளரும் வந்து பார்த்தாங்க. நான் உள்ள போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தேன். அவங்க போனதும் பெட்டி இருக்கேன்னு அலமாரியைப் பூட்டிட்டேன். காலையில கட்டி வைக்கலாம்னு திறந்தா, பெட்டி காலி. நானே ஒளிச்சு வெச்சுட்டு மறுபடி விலை ஏத்தப் பார்க்கறேன்னு ஊரே பேசுது."

அண்ணி பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழகான பெட்டி. உள்ளே இஞ்சின் வடிவத்தில் குழிந்த பஞ்சு.

"இந்த மூலையில இன்னொரு சின்னக் குழி இருக்கே?"

"உதிரிப் பொட்டலம் மேடம். உபரி விளக்கு, கொக்கி, கைப்பிடி எல்லாம் சின்னக் கவர்ல போட்டிருப்பாங்க. அதையும் காணோம்."

"திருடன் சரியான மடையன்," என்றான் சுருட்டை. "இவ்வளவு அழகான பெட்டியை விட்டுட்டுப் போயிருக்கான்."

"பெட்டி இல்லாத இஞ்சினைப் பாதி விலைக்குக்கூட எவனும் வாங்கமாட்டான்," என்றார் கடைக்காரர்.

"அதனாலதான் மடையன் இல்ல," என்றார் அண்ணி எழுந்துகொண்டே. "விக்கறவனுக்குப் பெட்டி வேணும். உதிரிப் பொட்டலம் யாருக்குத் தம்பி வேணும்?"

"ரிப்பேர் பண்றவனுக்கு."

"நட."

பல் டாக்டரின் நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தார். டாக்டர் ஊசியளவு கருவியால் எதையோ குடைந்துகொண்டிருந்தார். சுருட்டை அண்ணியின் காதில் கிசுகிசுத்தான்: "கருவியைப் பார்த்தீங்களா? இவர்தான். கேஸ் முடிஞ்சுது, சாப்பிடப் போலாம்."

டாக்டருக்குப் பின்னால் கூரைவரை ரயில் மாடல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றின் ஒட்டுத்தாள்கூடக் கிழியவில்லை.

"திருடன் பெட்டியை விட்டுட்டுப் போயிட்டானா?" டாக்டர் குடைவதை நிறுத்திவிட்டார். "பெட்டியையா? என்ன மேடம் சொல்றீங்க? மனசாட்சி உள்ளவன் செய்யற காரியமா இது?"

"திருடினதைவிட அதுதான் பெரிய தப்பா?"

"பின்ன? என் பொண்ணு பொறந்தப்ப வாங்கின இஞ்சின் அதோ மேல இருக்கு. இன்னும் பிரிக்கலை. அவளுக்கே இப்ப பொண்ணு பொறந்தாச்சு."

"உள்ள செங்கல் இருந்தா?" என்றான் சுருட்டை.

டாக்டரின் முகம் வெளிறியது. மேலே அந்தப் பெட்டியைப் பார்த்தார், சுருட்டையைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். இனி அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வராது. நாற்காலியில் கிடந்தவர் சிரிக்க முயன்று, வாயில் இருந்த பஞ்சினால் முடியாமல் 'ஹ்ங்' என்றார்.

அண்ணி கொழுந்தனின் காலை மிதித்துவிட்டுக் கேட்டார். "நேத்து நீங்களும் செயலாளரும் ஒண்ணாத்தானே கடையை விட்டுக் கிளம்பினீங்க? வழியில ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல மேடம். ஆமா, வாசப்படியில தடுக்கி என் மேலயே விழுந்தார். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கிட்டே நடந்தா விழாம என்ன செய்வார்? வழக்கமா வெல்வெட்டு வெச்ச கூட்டுக்குள்ள போட்டுப் பத்திரமா வெச்சுக்கற மனுஷன். நேத்து என்னமோ மூக்குலேர்ந்து கழட்டவே இல்ல."

"ம்," என்றார் அண்ணி. ஒரே நாளில் இரண்டாவது 'ம்'. சுருட்டை சாப்பாட்டு ஆசையை ஒத்திப்போட்டான்.

செயலாளர் வீட்டில் கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. துப்பறியும் ஆபீஸ் என்று கேட்டதும் அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க வாங்க. கடைக்காரரைப் பிடிச்சுட்டீங்களா? மூணு வருஷமா எங்க வீட்டுக்காரர் அவரைத் திட்டாம ஒரு வாய் சாப்பிட்டதில்ல. ஏங்க! உங்க ரயில் விஷயமா வந்திருக்காங்க!"

மாடியில் ஓர் அறை முழுக்கத் தண்டவாளம். மலை, பாலம், ஸ்டேஷன், நடுவில் ஒரு சுரங்கப்பாதை. நடமாட மீதி இருந்த இடத்தில் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். ஆள் ஒல்லி, குரல் கனம். சட்டைப்பையிலிருந்து படிக்கிற கண்ணாடி ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அந்த ஆளை விடாதீங்க மேடம்!" என்று ஆரம்பித்தார். "ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு, ஒவ்வொரு தடவையும் ஒரு விலை! இன்னைக்குக் கூட்டத்துல அவரை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்கப்போறேன்."

அண்ணி காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சுவரில் பெரிய சட்டத்துக்குள் மாட்டியிருந்த பழைய ஃபோட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி விட்டபடி நிற்கும் ஓர் இஞ்சின். எண் எழுதிய இடத்தை ஆவி மறைத்திருந்தது. பக்கத்தில் கையைக் கட்டிக்கொள்ளாமல் விறைப்பாக நிற்கும் இரண்டு தொழிலாளிகள்.

"இதுதானா சார் அந்த இஞ்சின்?"

செயலாளரின் குரல் குழைந்துவிட்டது. "உலகத்துலயே இதுக்கு மிச்சம் இருக்கற ஒரே ஃபோட்டோ. ஏலத்துல அடிச்சுப் பிடிச்சு வாங்கினேன்."

"விளக்கு இந்தப் பக்கம் இருக்கே. சாம்பிள்ல அந்தப் பக்கம்னாங்க."

"அதைத்தானே மேடம் நானும் எத்தனை தடவை எழுதறது! விளக்கு, ஏணி, குழாய்னு..."

சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். வெளியே வந்துவிட்ட வார்த்தையைத் திரும்ப உள்ளே இழுக்க முடியுமா என்று பார்ப்பவர்போல வாயை இரண்டு தடவை திறந்து மூடினார்.

"யாருக்கு எழுதினீங்க?" என்று அண்ணி கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்த சுருட்டைக்கு ஏமாற்றம். அண்ணி சிரித்துக்கொண்டே, "ஒரு ரயில் ஓட்டிக் காட்டுங்களேன் சார். நான் பார்த்ததே இல்ல," என்றார்.

"இப்பவா? கரன்ட் இல்ல."

"ஃபேன் ஓடுதே," என்றான் சுருட்டை.

"ரயிலுக்கு உடம்பு சரியில்ல... அதாவது மோட்டார் சரியில்ல."

"என்னங்க இது?" என்றார் மனைவி. "பால்காரர், பேப்பர்காரர், மீட்டர் பார்க்க வந்தவர்னு ஒருத்தரை விடாம நிறுத்தி வெச்சு ஓட்டிக் காட்டுவீங்க. இவங்களே கேட்கறாங்க, மாட்டேங்கறீங்க!" என்று அவரே சுவிட்சைத் தட்டிவிட்டார்.

பச்சை ரயில் ஒன்று கிளம்பியது. பாலத்தைக் கடந்தது, ஸ்டேஷனைக் கடந்தது, சுரங்கத்துக்குள் நுழைந்தது. வெளியே வரவில்லை. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம், அப்புறம் சக்கரம் சும்மா சுற்றும் சத்தம்.

"தம்பி, உன் கை நீளம்தானே? விடு உள்ள."

சுருட்டை தோள்வரை கையை விட்டுத் துழாவி, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை வெளியே எடுத்தான். திறந்தான். வெல்வெட்டு மெத்தையில் கறுப்பு இஞ்சின் ஒய்யாரமாகப் படுத்திருந்தது.

"கண்ணாடிக் கூட்டுல இஞ்சின் ஏறிட்டா, கண்ணாடி மூக்குலதானே உட்காரணும்," என்றார் அண்ணி. "அதான் வாசப்படியில தடுக்கினீங்க."

அந்த அம்மாள் கணவரைப் பார்த்த பார்வையில் அந்த மலையே கொஞ்சம் உருகியிருக்கும். செயலாளர் திருதிருவென முழித்தார். ஆனால் அசரவில்லை.

"நான் திருடலை! சரிபண்ணத்தான் எடுத்தேன். எவ்வளவு எழுதியும் ஃபேக்டரிக்காரன் கேட்கலை. இன்னைக்குச் சாம்பிள் போயிட்டா, தப்பான இஞ்சின்தான் காலத்துக்கும் நிக்கும். ஏணியையும் குழாயையும் பேர்க்க முடியாது. அதான் காலையிலேர்ந்து உட்கார்ந்து விளக்கையாவது இந்தப் பக்கம் மாத்தி வெச்சேன். இப்பக் கொண்டுபோய் வெச்சிருப்பேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. பாருங்க, எவ்வளவு கச்சிதமா இருக்கு!"

"சரிபார்க்கறோம்னு ஒவ்வொரு தடவையும் அவங்க மெஷினை நிறுத்தினது உங்களாலதான். விலை ஏறினதும் அதனாலதான். தெரியுமா?"

"தப்பைத் தப்புன்னு சொன்னது தப்பா மேடம்? ஃபோட்டோ பொய் சொல்லுமா?"

அண்ணி சுருட்டையின் நெஞ்சில் விரலால் தட்டினார். "தம்பி, உன் சட்டைப்பை எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். காலியா இருக்கு. அதையும் சேர்த்துச் சொல்லிடறேன்."

"சார், உங்களது?"

செயலாளர் குனிந்து பார்த்தார். கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்ததும் இடது பக்கம்தான்.

"ஃபோட்டோவுல நிக்கறவருக்கு?"

எல்லோரும் பார்த்தார்கள். விறைப்பாக நின்றிருந்த அந்தத் தொழிலாளிக்குச் சட்டைப்பை வலது மார்பில் இருந்தது.

"தையக்காரர் மாத்தித் தெச்சிருப்பார்," என்றார் செயலாளர். குரலில் கனம் குறைந்திருந்தது.

"பக்கத்துல நிக்கறவருக்கும்? ரெண்டு பேருக்கும் ஒரே தையக்காரர், ஒரே தப்பா?"

அந்த அம்மாள்தான் முதலில் நகர்ந்தார். ஃபோட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிக் கீழே படுக்கையறைக்கு எடுத்துப்போய், பீரோக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் இரண்டு தொழிலாளிகளின் பையும் இடது மார்புக்கு வந்து உட்கார்ந்தது. கூடவே விளக்கும் ஏணியும் குழாயும், ஃபேக்டரிக்காரர்கள் சொன்ன பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தன.

"படம் கழுவினவர் ஃபிலிமைத் திருப்பிப் போட்டுட்டார்," என்றார் அண்ணி. "அவ்வளவுதான் சார். அவங்க வரைபடம் முதல் நாள்லேர்ந்து சரி. உங்க கண்ணும் சரி. ஃபோட்டோதான் இடம் வலம் மாறிப்போச்சு."

செயலாளர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அப்ப... மூணு வருஷமா நான்தானா?" என்றார். அதுவரை ஒரு கேலியை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்த சுருட்டைக்கு, அந்த முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனம் வரவில்லை. பாவமாக இருந்தது.

அந்த அம்மாளுக்கு அவ்வளவு பாவமாக இல்லை. "உட்கார்ந்தா ஆச்சா? கூரியர்காரர் வர்றதுக்குள்ள எழுந்திருங்க!" என்றார்.

விளக்கை எடுத்துப் பழைய இடத்தில் வைப்பது சுலபமாக முடிந்தது. செயலாளர் கச்சிதமாகப் போட்டிருந்த புது ஓட்டைதான் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. எல்லோரும் நேராகப் பல் டாக்டரிடம் ஓடினார்கள். அவர் இஞ்சினைத் தன் நாற்காலியில் ஒரு துண்டை விரித்துப் படுக்கவைத்து, தலைக்குமேல் இருந்த பெரிய விளக்கை அதன் பக்கம் திருப்பி, பல் சொத்தைக்கு அடைக்கும் மருந்தை ஊசி முனையில் எடுத்து அடைத்தார். செயலாளர் அதன்மேல் ஒரு சொட்டுக் கறுப்புப் பெயின்ட் வைத்தார். ஓட்டை இருந்த இடத்தை அதைப் போட்டவராலேயே அப்புறம் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரெண்டு மணி நேரம் எதையும் கடிக்கக்கூடாதுன்னு சொல்லி அனுப்புங்க டாக்டர்," என்றான் சுருட்டை.

டாக்டரையும் கூட்டிக்கொண்டு அவர்கள் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கூரியர்காரர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். அண்ணி நடந்ததைக் கடைக்காரரிடம் நாலு வாக்கியத்தில் சொன்னார். கடைக்காரர் இஞ்சினை இரண்டு கையாலும் வாங்கினார். செயலாளரை ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஃபேக்டரியிலிருந்து ஃபோன் வந்துவிட்டது. அங்கே தமிழ் தெரிந்த ஒரு பெண் பேசினாள்: "சாம்பிள் சரியா சார்? கடைசித் தடவை கேட்கறோம். திருத்தம் ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் ஃபோனைச் செயலாளரின் முன்னால் நீட்டினார்.

செயலாளர் இஞ்சினைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் கண் ஏதோ ஓரிடத்தில் போய் நின்றதைச் சுருட்டை கவனித்தான். உதடு பிரிந்தது. டாக்டர் மூச்சை இழுத்துப் பிடித்தார். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் கணவரின் காலை மிதிக்கத் தயாராகத் தன் செருப்புக்காலைத் தூக்கினார்.

"ஒரு திருத்தமும் இல்லம்மா," என்றார் செயலாளர். "ஆரம்பத்துலேர்ந்தே சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. இத்தனை நாளும் எழுதினது நான்தான். மன்னிச்சுடுங்க."

பெட்டிக்குள் இஞ்சின் போனது. செயலாளர் திருப்பிக் கொடுத்த உதிரிப் பொட்டலமும் போனது. கூரியர்காரர் வாங்கிக்கொண்டு கிளம்பினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். திரும்பியதும் கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். காலையில் அழுததைவிட இது நன்றாக இருந்ததால் சுருட்டை கிண்டல் செய்யவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை நகத்தால் பிய்க்க ஆரம்பித்தார். காரணமானவர் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும் என்ற அதே நோட்டீஸ்.

செயலாளர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"கிழிக்காதீங்க. இருக்கட்டும்."

"எதுக்கு சார்? எல்லாம்தான் முடிஞ்சுதே."

செயலாளர் பிய்ந்துவந்த மூலையை உள்ளங்கையால் அழுத்தி மறுபடி ஒட்டினார். தள்ளி நின்று ஒருமுறை முழுசாகப் படித்தார்.

"இதுல திருத்த ஒண்ணும் இல்ல," என்றார். "வாங்க, கூட்டத்துக்கு நேரமாச்சு. நான் முன்னாடி போறேன்."